கர்னல் எலியட்: எழும்பூரிலிருந்து குளுக்கோமாவைத் துரத்தியவர் - அப்பாவின் ஓ.சி.டி. ஸ்கேனுக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம்?

எலியட் என்றதும் சென்னைக்காரர்களுக்கு பெசன்ட் நகர் பீச்தான் ஞாபகம் வரும். இது அந்த எலியட்டின் கதை இல்லை. இவர் கண் டாக்டர். முழுப் பெயர் ராபர்ட் ஹென்றி எலியட். நூறு வருஷத்துக்கு முன்பு உலகத்தில் எந்த மூலையில் குளுக்கோமாவுக்கு ஆபரேஷன் நடந்தாலும் இவர் பெயர் அடிபடும். அந்த ஆபரேஷன் பிறந்த இடம் நம்ம எழும்பூர்.

அவர் கதைக்குள் போவதற்கு முன் ஒரு சின்ன காட்சி.

அம்பத்தூரிலோ ஆவடியிலோ ஒரு வீடு. அப்பாவுக்கு 60 தாண்டிவிட்டது. கண்ணாடி பவரை மாற்றலாம் என்று மகள் கூட்டிக்கொண்டு போகிறாள். டாக்டர் கண்ணுக்குள் பார்த்துவிட்டு, பார்வை நரம்பு கொஞ்சம் சந்தேகமாக இருக்கிறது, ஓ.சி.டி. ஸ்கேன் ஒன்று எடுத்துவிடுங்கள் என்கிறார். அப்பாவுக்குக் கோபம். எனக்கு நல்லாத்தானே தெரியுது, பஸ் நம்பர்கூடப் படிக்கிறேன், எதுக்கு வீண் செலவு என்கிறார்.

அப்பா பொய் சொல்லவில்லை. அவருக்கு உண்மையிலேயே நன்றாகத்தான் தெரிகிறது. சிக்கலே அங்கேதான் இருக்கிறது. கண்ணால் காண்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று நம்ம ஊரில் சொல்வார்கள் இல்லையா? எலியட்டின் வாழ்க்கை முழுக்க அந்த ஒரு வரிக்குள் அடங்கிவிடும்.

யார் இந்த எலியட்?

1864இல் பிறந்தவர். லண்டனில் மருத்துவம் படித்துவிட்டு, பிரிட்டிஷ் அரசின் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து மெட்ராஸ் மாகாணத்துக்கு வந்தார். பின்னாளில் லெப்டினன்ட் கர்னல் ஆனார். அந்தக் காலத்தில் ராணுவப் பதவியும் டாக்டர் வேலையும் ஒரே ஆளிடம் இருப்பது வழக்கம்தான்.

ஆரம்பத்தில் அவரை ஈர்த்தது கண் இல்லை, பாம்பு. நாகப்பாம்பு, கட்டுவிரியன் ஆகியவற்றின் விஷம் உடம்புக்குள் போனால் இதயத்துக்கும் ரத்த ஓட்டத்துக்கும் மூச்சுக்கும் என்ன ஆகிறது என்று பரிசோதனை செய்து பார்த்தார். அந்த ஆய்வுகள் 1905 வாக்கில் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் வெளியாயின. ஊரே பாம்புக்கடிக்கு ஆளுக்கொரு வைத்தியம் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், அளந்து பார்த்துவிட்டுப் பேசுவது அவருடைய சுபாவமாக இருந்தது.

1904இல் எழும்பூர் அரசு கண் மருத்துவமனையின் கண்காணிப்பாளர் பொறுப்புக்கு வந்தார். 1819இல் மெட்ராஸ் ஐ இன்ஃபர்மரி என்ற பெயரில் கிழக்கிந்தியக் கம்பெனி தொடங்கிய மருத்துவமனை அது. ஆசியாவின் மிகப் பழைய கண் மருத்துவமனை என்று பெயர் பெற்றது. பூந்தமல்லி நெடுஞ்சாலையில் கிழக்கே நேராகப் போனால் வரும் அதே எழும்பூர்தான். இன்றைக்கும் அங்கே கூட்டம் குறையவில்லை.

முதல் பாடம்: முதல் நாள் பார்வையை நம்பாதே

எலியட்டின் வார்டுக்கு ஒரு வகை நோயாளிகள் நிறைய வந்தார்கள். ஊர் ஊராகப் போய்க் கண்புரைக்கு வைத்தியம் செய்பவர்களிடம் கண்ணைக் காட்டியவர்கள் அவர்கள். அந்த வைத்தியர்கள் ஊசியால் கண்ணைக் குத்தி, மங்கிப்போன லென்ஸைப் பார்வைப் பாதையிலிருந்து கண்ணுக்குள்ளேயே கீழே தள்ளிவிடுவார்கள். தள்ளிய உடனே வெளிச்சம் வரும். எதிரே நிற்பவர் முகம் தெரியும். வீட்டில் கொண்டாட்டம். வைத்தியர் காசை வாங்கிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய்விடுவார்.

பிரச்சினை அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கும். கிருமித் தொற்று, அழற்சி, கண்ணுக்குள் அழுத்தம் ஏறுவது என்று ஒவ்வொன்றாக வரும். பல கண்கள் அப்படியே அணைந்துபோயின. அந்த நேரத்தில் வைத்தியர் ஊரில் இருக்க மாட்டார்.

எலியட் இதைத் திட்டிவிட்டு நகர்ந்துவிடவில்லை, கணக்கு எடுத்தார். இப்படி வந்தவர்களில் எத்தனை பேருக்குப் பார்வை மிஞ்சியது, எத்தனை பேருக்குப் போனது, எதனால் போனது என்று பதிவு செய்தார். அகற்ற வேண்டிவந்த கண்களை அறுத்து உள்ளே என்ன நடந்திருக்கிறது என்று பார்த்தார். அதை வைத்து 1917இல் லண்டன் ராயல் சர்ஜன்ஸ் கல்லூரியில் ஹன்டேரியன் சொற்பொழிவுகள் நிகழ்த்தினார். அவை புத்தகமாகவும் வந்தன.

இதிலிருந்து கிடைத்த பாடம் எளிமையானது. கண்ணை ஒரு நாள் பார்த்துவிட்டு முடிவு சொல்ல முடியாது. திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும், ஒப்பிட வேண்டும். குளுக்கோமாவுக்கு இது இரண்டு மடங்கு பொருந்தும்.

குளுக்கோமா அப்படி என்ன செய்கிறது?

கண்ணுக்குள் எப்போதும் ஒரு திரவம் சுரந்துகொண்டே இருக்கும். கருவிழியின் ஓரத்தில் இருக்கும் வடிகால் வழியாக அது வெளியேறும். வடிகால் அடைபட்டாலோ மூடிக்கொண்டாலோ உள்ளே அழுத்தம் ஏறும். பின்பக்கம் இருக்கும் பார்வை நரம்பு அதில் நசுங்கும். அந்த நரம்பில் சுமார் 10 லட்சம் இழைகள் இருக்கின்றன. அவை கொஞ்சம் கொஞ்சமாகச் சாகும். செத்த இழை மறுபடி முளைக்காது.

பெரும்பாலானவர்களுக்கு வலி இல்லை, சிவப்பு இல்லை. முதலில் போவது ஓரப் பார்வை. ஒரு கண்ணில் விடுபட்டதை இன்னொரு கண் ஈடுகட்டும். மிச்சத்தை மூளை தானாக நிரப்பிக்கொள்ளும். அதனால் நேரே இருக்கும் பஸ் நம்பர் தெரியும். பக்கத்துச் சந்திலிருந்து திரும்பும் பைக் தெரியாது. நேரே இருப்பதும் மங்குகிறது என்று தெரியும்போது நரம்பில் பெரும்பகுதி போயிருக்கும். (வடிகால் திடீரென்று மூடிக்கொள்ளும் வகையில் மட்டும் கடும் வலி, வாந்தி எல்லாம் வரும். அது அவசர சிகிச்சைக்கு உரியது.)

கண்ணுக்குள் எட்டிப் பார்த்த கதை

எலியட் கையில் இருந்த முக்கியமான கருவி ஆப்தல்மோஸ்கோப். ஜெர்மன் விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1851இல் அறிமுகம் செய்தது. அதற்கு முன்பு உயிரோடு இருக்கும் மனிதரின் விழித்திரையை டாக்டர்களால் பார்க்க முடிந்ததில்லை. கண்மணிக்குள் எட்டிப் பார்த்தால் வெறும் இருட்டுதான்.

பார்க்க முடிந்த பிறகு நடந்தது இன்னும் சுவாரசியம். குளுக்கோமா கண்ணில் பார்வை நரம்பின் முகப்பு எப்படி இருக்கிறது என்று ஐரோப்பாவின் பெரிய டாக்டர்கள் பார்த்தார்கள். வியன்னாவின் ஜேகர், பெர்லினின் கிரேஃபே இருவருமே அது மேடாக வீங்கியிருப்பதாக எழுதினார்கள். அடோல்ஃப் வெபர் என்ற இளம் டாக்டர் 1855இல் கவனித்துச் சொன்ன பிறகுதான் உண்மை புரிந்தது. அது மேடே இல்லை, பள்ளம்! கருவி காட்டிய ஒற்றைக் கண் காட்சியில் ஆழம் தெரியாததால் பள்ளம் மேடாகத் தோன்றியிருந்தது. கிரேஃபே தன் தவறை ஒப்புக்கொண்டு திருத்திக்கொண்டார்.

நிபுணர்கள் கண்ணும் ஏமாறும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. கண்ணுக்குள் படம் எடுக்கும் தொழில்நுட்பத்தின் வரலாறே அந்தப் பள்ளத்தைச் சரியாக அளப்பதற்கான போராட்டம்தான். இன்றைக்கும் ரிப்போர்ட்டில் வரும் கப்-டிஸ்க் விகிதம் அந்தப் பள்ளத்தின் அளவுதான். வட்டமான நரம்பு முகப்பில் நடுப்பள்ளம் எவ்வளவு இடத்தைப் பிடித்திருக்கிறது என்று சொல்லும் எண் அது. பலருக்கு 0.3 பக்கம் இருக்கும். 0.6, 0.7 என்று போனாலோ, இரண்டு கண்ணுக்கும் நடுவே நிறைய வித்தியாசம் இருந்தாலோ டாக்டர் மேற்கொண்டு சோதிப்பார்.

1909: எழும்பூரில் போட்ட துளை

எலியட் வந்தபோது குளுக்கோமாவுக்கு இருந்த பெரிய ஆயுதம், கருவிழிக்குப் பின்னால் இருக்கும் ஐரிஸ் திரையில் ஒரு துண்டை வெட்டி எடுப்பது. 1857இல் கிரேஃபே கொண்டுவந்த முறை. வலியோடு திடீரென்று வரும் வகைக்கு அது நன்றாக வேலை செய்தது. சத்தமில்லாமல் வரும் வகைக்குப் பெரிதாகப் பயன்படவில்லை.

1909இல் எலியட் வேறு வழியில் போனார். கருவிழியும் வெண்விழியும் சேரும் இடத்தில், மேல் சவ்வை மெல்லப் பிரித்து மடித்துவிட்டு, சின்ன வட்டக் கத்தியால் 2 மில்லிமீட்டருக்குள் ஒரு துளை போட்டார். பிறகு சவ்வை மறுபடி மூடினார். உள்ளே தேங்கிய திரவம் அந்தத் துளை வழியாகக் கசிந்து சவ்வுக்கு அடியில் பரவி உறிஞ்சப்படும். மேல்மாடித் தொட்டி நிரம்பி வழியாமல் இருக்க ஓவர்ஃப்ளோ பைப் வைப்போமே, அதே தத்துவம்.

அதே காலத்தில் கிளாஸ்கோவில் ஃப்ரீலேண்ட் ஃபெர்கஸ் என்ற டாக்டரும் துளை போடும் முறையை முயன்றார். ஆனால் நூற்றுக்கணக்கான நோயாளிகளுக்குச் செய்து, ஒவ்வொரு படியையும் ஒழுங்குபடுத்தி, விளைவுகளைப் பதிவு செய்து உலகத்துக்குக் கொடுத்தது எலியட்தான். 1913இல் அதற்கென்றே தனிப் புத்தகம் எழுதினார். அதற்குப் பிறகு பல ஆண்டுகள் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் எலியட் ட்ரெஃபைன் என்பது கண் டாக்டர்கள் எல்லாருக்கும் தெரிந்த பெயர்.

குறை இல்லாத ஆபரேஷன் இல்லை அது. துளைக்கு மேலே சவ்வு மிக மெலிந்துபோய், வருஷங்கள் கழித்துக்கூடக் கிருமி உள்ளே போகும் ஆபத்து இருந்தது. 1960களின் இறுதியில் டிராபெக்குலெக்டமி என்ற பாதுகாப்பான முறை வந்த பிறகு எலியட்டின் துளை ஓய்வு பெற்றது. ஆனால் திரவத்துக்குப் புது வழி திறந்து சவ்வுக்கு அடியில் வடியவிடுவது என்ற அடிப்படை யோசனை இன்றைய ஆபரேஷனிலும் இருக்கிறது.

ஒன்றை மறக்கக் கூடாது. அன்றைக்கும் இன்றைக்கும் எந்த ஆபரேஷனும், எந்தச் சொட்டு மருந்தும் போன பார்வையைத் திருப்பித் தராது. மிச்சம் இருப்பதைக் காப்பாற்றும், அவ்வளவுதான். அதனால் கேள்வி எப்போதுமே இதுதான்: எவ்வளவு சீக்கிரம் கண்டுபிடிக்கிறோம்?

லண்டனில் ஒரு கயிறு வித்தை

முதல் உலகப் போர் தொடங்கும் சமயத்தில் எலியட் லண்டன் திரும்பிவிட்டார். சும்மா இருக்கவில்லை. 1917இல் பொது மருத்துவர்களுக்காகக் குளுக்கோமா கையேடு, 1918இல் குளுக்கோமா பற்றிய பெரிய நூல், 1920இல் வெப்பமண்டலக் கண் நோய்கள் பற்றிய நூல் என்று அடுத்தடுத்து எழுதினார். பொது மருத்துவருக்குத் தனியாகக் கையேடு எழுதியதைக் கவனியுங்கள். நோயாளி முதலில் போவது கண் டாக்டரிடம் இல்லை என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. பார்வைப் பரப்பில் எங்கே மங்கல் விழுந்திருக்கிறது என்று வரைந்து பார்க்க ஸ்கோட்டோமீட்டர் என்ற கருவியையும் உருவாக்கினார். இன்றைய ஃபீல்டு டெஸ்ட்டின் முன்னோடிகளில் அதுவும் ஒன்று.

கடைசிக் காலத்தில் அவர் கையில் எடுத்தது மேஜிக். லண்டனின் புகழ்பெற்ற மேஜிக் சர்க்கிள் சங்கத்தில், அமானுஷ்யக் கதைகளை விசாரிக்கும் குழுவுக்குத் தலைவராக இருந்தார். வானத்தில் கயிற்றை எறிந்தால் நிற்கும், பையன் அதில் ஏறி மறைவான் என்று உலகமே பேசிய இந்தியக் கயிறு வித்தையை எடுத்துக்கொண்டார். அதைத் திறந்தவெளியில் செய்து காட்டுபவருக்கு 500 கினி பரிசு என்று 1934இல் சங்கம் அறிவித்தது. பரிசு யாருக்கும் போகவில்லை. அதே ஆண்டு அவருடைய கடைசிப் பெரிய புத்தகம் இந்த மாதிரி வித்தைகளைப் பற்றி வெளியானது. 1936இல் காலமானார்.

கண் டாக்டருக்கு மேஜிக் எதற்கு என்று தோன்றலாம். யோசித்தால் இரண்டும் ஒன்றுதான். பார்த்ததாக மனசு நம்புவதற்கும் உண்மையில் அங்கே இருப்பதற்கும் நடுவே உள்ள இடைவெளியைத்தான் அவர் ஆயுள் முழுக்க ஆராய்ந்தார். குளுக்கோமாவும் ஒரு கயிறு வித்தைதான். இல்லாத பார்வையை இருப்பதாக மூளை காட்டிக்கொண்டே இருக்கும்.

சரி, ஓ.சி.டி. எங்கே வந்தது?

எலியட் காலத்தில் கண்ணுக்குள் பார்த்ததைக் கையால் வரைந்துதான் வைக்க வேண்டும். 1926 வாக்கில் ஜெய்ஸ் நிறுவனம் விழித்திரையைப் படம் எடுக்கும் கேமராவை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்று ஸ்மார்ட்போனோடு இணைத்து எடுக்கும் கையடக்கக் கருவிகள்கூட இருக்கின்றன. படம் என்று ஒன்று இருந்தால்தான் போன வருஷத்தோடு இந்த வருஷத்தை ஒப்பிட முடியும்.

ஆனால் படத்தைப் பார்த்துப் பள்ளம் பெரிதா சின்னதா என்று சொல்வதில் டாக்டருக்கு டாக்டர் வித்தியாசம் வரும். அதை எண்ணாக மாற்றியது ஓ.சி.டி. 1991இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யைச் சேர்ந்த குழு அறிமுகம் செய்தது. அல்ட்ராசவுண்டில் ஒலி எதிரொலிப்பதை வைத்துப் படம் வருவதுபோல, இதில் கண்ணுக்குள் போய்த் திரும்பும் ஒளியை வைத்துப் படம் வரும். ஸ்கேன் என்றதும் குழாய்க்குள் படுக்கணுமா என்று பயப்பட வேண்டாம். எக்ஸ்ரே கதிர் இல்லை, ஊசி இல்லை, கருவி கண்ணைத் தொடாது. தாடையை வைத்து ஒரு புள்ளியைப் பார்த்தால் சில விநாடிகளில் முடிந்துவிடும்.

நரம்பு முகப்பைச் சுற்றி இருக்கும் நரம்பிழைப் படலம் எவ்வளவு தடிமன் என்று அது மைக்ரான் கணக்கில் அளக்கும். ஆரோக்கியமான கண்ணில் சராசரியாக 100 மைக்ரானை ஒட்டி இருக்கும், அதாவது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. இழைகள் சாகச்சாக இது மெலியும். நோயாளி உணர்வதற்கு முன்பே, சில நேரம் ஃபீல்டு டெஸ்ட்டில் தெரிவதற்கும் முன்பே, இந்த மெலிவு தெரிந்துவிடலாம்.

ரிப்போர்ட்டில் சிவப்பு இருந்தால் பயப்படணுமா?

பச்சை என்றால் உங்கள் வயதுக்காரர்களின் வழக்கமான அளவுக்குள். மஞ்சள் என்றால் எல்லைக்கோடு. சிவப்பு என்றால் அதற்கும் கீழே. ஆனால் சிவப்பு என்றாலே குளுக்கோமா இல்லை. கிட்டப்பார்வை அதிகம் உள்ளவர்களுக்கு நோய் இல்லாமலே சிவப்பு வரலாம். கண்புரை இருந்தாலும், கண் ஆடினாலும் ஸ்கேன் சரியாக விழாது. பச்சை என்பதற்காக நிம்மதியாகத் தூங்கிவிடவும் முடியாது. நோய் முற்றிய பிறகு படலம் ஒரு அளவுக்குக் கீழே மெலியாது. அந்தக் கட்டத்தில் ஃபீல்டு டெஸ்ட்டே வழிகாட்டும்.

அதனால் ஒற்றை ரிப்போர்ட்டைவிட, வரிசையாக எடுத்த ரிப்போர்ட்டுகளுக்கு மதிப்பு அதிகம். வயதாக ஆக எல்லோருக்கும் படலம் லேசாக மெலியும். அளவீட்டிலேயே சில மைக்ரான் ஏறி இறங்கும். அதைவிட வேகமாகக் குறைகிறதா என்பதைத்தான் டாக்டர் பார்க்கிறார். முடிந்தவரை ஒரே வகை மெஷினில் எடுப்பது, பழைய ரிப்போர்ட்டுகளைத் தூக்கிப் போடாமல் வைத்திருப்பது இரண்டும் நம்ம பொறுப்பு. எலியட் தன் வார்டில் நோட்டுப் புத்தகத்தில் செய்த வேலை அது.

நம்ம பக்கத்துக் கணக்கு என்ன சொல்கிறது?

சங்கர நேத்ராலயா 2001 முதல் 2004 வரை சென்னை குளுக்கோமா ஆய்வை நடத்தியது. சென்னை நகரத்திலும், திருவள்ளூர், காஞ்சிபுரம் மாவட்டங்களைச் சேர்ந்த 27 கிராமங்களிலும் 40 வயதைத் தாண்டியவர்களைச் சோதித்தார்கள். ஆவடியும் பூந்தமல்லியும் இருப்பது அதே திருவள்ளூர் மாவட்டத்தில்தான். வலியில்லாமல் வரும் வகைக் குளுக்கோமா நகரத்தில் 3.5 சதவீதம் பேருக்கும், கிராமங்களில் 1.6 சதவீதம் பேருக்கும் இருந்தது. கிராமத்தில் நோய் இருந்தவர்களில் 98 சதவீதத்துக்கும் மேல், தங்களுக்கு அது இருப்பதே தெரியாமல் இருந்தார்கள்.

இன்னொரு முக்கியமான விஷயம்: நோய் இருந்தவர்களில் பெரும்பாலோருக்குச் சோதித்த அன்று கண் அழுத்தம் 21 என்ற வழக்கமான எல்லைக்குள்தான் இருந்தது. அதாவது பிரஷர் நார்மல் என்று மட்டும் கேட்டுவிட்டுக் கிளம்பிவிட்டால் பலரைத் தவறவிட்டிருப்போம். நரம்பைப் பார்த்தால்தான் தெரியும்.

இப்போ என்ன செய்யலாம்?

கண்ணாடிக் கடையில் பவர் மட்டும் பார்ப்பது கண் பரிசோதனை ஆகாது. 40 வயதுக்கு மேல், கண்மணியை விரித்து நரம்பைப் பார்க்கும் முழுப் பரிசோதனை வேண்டும். அப்பா, அம்மா, அண்ணன், தங்கை யாருக்காவது குளுக்கோமா இருந்தால் இன்னும் சீக்கிரமே போங்கள். சர்க்கரை நோய், அதிகக் கிட்டப்பார்வை, நீண்ட நாள் ஸ்டீராய்டு பயன்பாடு இருப்பவர்களும் கவனமாக இருக்க வேண்டும். கண் சிவந்தால் மெடிக்கல் ஷாப்பில் கேட்டு ஸ்டீராய்டு சொட்டு போட்டுக்கொள்ளும் பழக்கம் இருந்தால் இன்றோடு நிறுத்துங்கள். சொட்டு மருந்து எழுதிக் கொடுத்திருந்தால் அதை நிறுத்தாதீர்கள். போட்டும் வித்தியாசம் தெரியவில்லையே என்றால், தெரியாமல் இருப்பதுதான் அதன் வெற்றி.

மேற்குப் புறநகர்க்காரர்களுக்குத் தூரம் ஒரு சாக்காகவும் இல்லை. பூந்தமல்லி நெடுஞ்சாலையில் நூம்பலில் அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது. அதே சாலையில் நேரே போனால் எழும்பூர் அரசு கண் மருத்துவமனை. அங்கே எலியட் பெயரில் இன்றும் ஓர் அருங்காட்சியகம் உண்டு.

அந்த மருத்துவமனையில் எலியட் பார்த்த நோயாளிகளில் பலர் காலம் கடந்து வந்தவர்கள். சீக்கிரம் கண்டுபிடிக்க அன்று கருவி இல்லை. உங்க அப்பாவுக்கு அது இருக்கிறது. நல்லாத்தானே தெரியுது என்று அவர் மறுபடி சொன்னால் வாக்குவாதம் வேண்டாம். ஒரு கண்ணைக் கையால் மூடச் சொல்லுங்கள், பிறகு இன்னொன்றை. அதிலும் எல்லாம் தெரிகிறது என்பார். பரவாயில்லை, ஒத்துக்கொள்ளுங்கள். ஒத்துக்கொண்டே வண்டியில் ஏற்றி ஸ்கேனுக்குக் கூட்டிப் போய்விடுங்கள்.